பட்டாசக்கா கொடுத்த இரண்டாவது சாவி

பட்டாசக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். "பொம்பளையவா அனுப்பியிருக்காங்க?" என்று கேட்ட வாட்ச்மேன் எவனும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். இருந்ததுதான். ஆனால் குணத்தைப் பார்க்க முதலில் கோபத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

முன்பெல்லாம் மெக்கானிக்குகள் ஒரு பெரிய இணையதளத்தில் குழு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்டடத்தில் பிரேக் தேய்ந்து கிடக்கிறது, எந்தக் கம்பெனி பழைய பாகத்துக்குப் பெயின்ட் அடித்து மாட்டச் சொல்கிறது என்று எழுதுவார்கள். ஒரு கம்பெனி புகார் கொடுத்தது. மறுநாள் குழுவே இல்லை. நாலு வருடப் பேச்சு போன இடம் தெரியவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு மனுஷன் கிடையாது.

"அடுத்தவன் வீட்டுல குடியிருந்தா இப்படித்தான், சட்டி பானையைத் தூக்கி வெளிய வீசுவான்" என்று கத்திவிட்டு அக்கா சொந்தமாக ஒரு சர்வர் போட்டாள். ஒற்றை முதலாளி இல்லாத தளங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த வகை. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் மற்ற சர்வர்காரர்களோடும் பேசலாம். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு சர்வருக்குக் குடிபோகலாம்.

இவள் சர்வரில் சேர ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் முதலில் கை எங்கே போகும்? தொழில்காரன் யோசிக்காமல் ஸ்டாப் ஸ்விட்ச் என்பான். மற்றவன் டார்ச் லைட், ஹெல்மெட் என்று உளறுவான். அப்படிச் சலித்துச் சேர்த்ததில் முந்நூறு பேர். எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். சேரும்போது கொடுத்த மெயில் முகவரியை அட்மின் மட்டும்தான் பார்க்க முடியும்.

அட்மின் இரண்டு பேர். ஒன்று அக்கா. இன்னொன்று அவள் கூடப்பிறந்த தம்பி, அவனும் மெக்கானிக். "நான் குழிக்குள்ள கிடக்கும்போது இங்க அடிதடி வந்தா யாருடா பாக்குறது?" என்று சொல்லி அவளே கொடுத்த பொறுப்பு அது. போன வருடம் தம்பிக்குச் சூப்பர்வைசராகப் பதவி உயர்வு கிடைத்தது. அக்கா ஸ்வீட் வாங்கி ஊரைக் கூட்டிக் கொடுத்தாள். கம்பெனி ஆளாகிவிட்டவனிடமிருந்து பொறுப்பைத் திருப்பி வாங்க மட்டும் தோன்றவில்லை. தம்பிதானே!

இரண்டு வாரத்துக்கு முன் 'ஆறாம் மாடி' என்ற பட்டப்பெயர்க்காரன் ஒரு படம் போட்டான். ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் கம்பிக் கயிறு, இழை இழையாகப் பிரிந்து நின்றது. 'மாத்தணும்னு எழுதினேன். சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க' என்று கீழே எழுதியிருந்தான். படம் எத்தனையோ சர்வர்களுக்குப் போனது. ஆஸ்பத்திரி தானே கேள்வி கேட்டு, கயிற்றை மாற்ற வைத்தது. நாலாம் நாள் கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தியது. அது தம்பியின் கம்பெனி.

சர்வரில் ஆளாளுக்குக் குதித்தார்கள். "வேலியே பயிரை மேஞ்சுருக்கு" என்று ஒருவன் எழுதினான். அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. "எவன்டா என்னைச் சொல்றது?" என்று பதில் போட்டுவிட்டு, நிரூபிப்பதற்காகத்தான், யார் எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளைத் திறந்தாள். ஆறாம் மாடியின் கணக்கு விவரத்தை ஒரே ஒருவன் திறந்திருந்தான். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு.

அடுத்த அரை மணியில் தம்பி வீட்டு வாசலில் நின்றாள். தம்பி மனைவி, "வாங்க அண்ணி, டீ போடவா?" என்றாள்.

"டீயெல்லாம் வேணாம். அவனை வரச் சொல்லு."

தம்பி வந்தான். அக்கா முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பேரை நான் சொல்லலக்கா. மேனேஜர் கேட்டாரு, மெயிலை மட்டும்தான் காட்டினேன்."

"அடப்பாவி! மெயில்லயே அவன் பேரு இருக்கேடா!"

"கம்பெனி மானம் போகுதுன்னாரு. நான் என்ன பண்றது? போன வருஷம்தான் சூப்பர்வைசர் ஆனேன்."

"கயிறு அறுந்திருந்தா உயிரு போயிருக்கும். அதுக்கு எவன் மானத்தைக் கொண்டுவந்து வைப்பே?"

"சரிக்கா, தப்புதான். என் பேரை மட்டும் வெளிய சொல்லிடாத. சொன்னா ஒரு பய என்கூட வேலைக்கு இறங்க மாட்டான். ரெண்டு புள்ளைங்க இருக்கு. யாருன்னே தெரியாத ஆளுங்களுக்காகக் கூடப்பொறந்தவனை விட்டுருவியா?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. ஆடியது. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது அவளுக்கு. அங்கேயே போனை எடுத்து அவன் அட்மின் பொறுப்பைப் பிடுங்கினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே திட்டித் தீர்த்தாள். மெக்கானிக் கரண்டை நிறுத்திவிட்டு, வேறு யாரும் போட்டுவிடாதபடி மெயின் ஸ்விட்சில் தன் பூட்டைப் போடுவான். சாவி அவன் பாக்கெட்டைத் தாண்டக் கூடாது. பெற்ற அப்பனே கேட்டாலும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஒருநாள்கூட மீறாத சட்டம். இந்தச் சர்வர் பூட்டுக்கு மட்டும் இன்னொரு சாவி போட்டு அக்கா தம்பி பாசத்தில் மாட்டிவிட்டிருந்தாளே, மடச்சி!

பிறகு சர்வரில் எல்லோரும் பார்க்க எழுதினாள். காட்டிக்கொடுத்தது என் தம்பி. அவனிடம் பொறுப்பை விட்டுவைத்தது நான். வேறு சர்வருக்குப் போக நினைப்பவர்கள் போகலாம், வழி இதுதான். ஒரு சொல் மழுப்பவில்லை.

சாயந்திரத்துக்குள் தொண்ணூறு பேர் போய்விட்டார்கள். இருந்தவர்களில் பாதிப்பேர் அவளைக் கிழித்தார்கள். சிலர், "விடுங்கக்கா, யாருதான் தப்பு பண்ணல" என்றார்கள். திட்டியவர்களைவிட இவர்கள்மேல்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம் வந்தது. எல்லோருக்கும் பதில் எழுதினாள்.

எட்டு மணிவாக்கில் ஆறாம் மாடி தனியாக எழுதினான்.

"நீங்க உங்க தம்பியை நம்பினீங்க. நான் உங்களை நம்பினேன். ரெண்டு பேரும் ஏமாந்தோம்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. வேலை போனது எனக்கு மட்டும்தான். திங்கக்கிழமை தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை. என்னை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கம்பெனி வாயத் திறக்கல. உங்க சர்வர் பதிவை எடுத்துட்டு வந்து உங்க தம்பிதான்னு நேர்ல சொல்லணும். அவரும் அங்க உக்காந்திருப்பாரு. வருவீங்களா?"

பட்டாசக்கா பதில் எழுத உட்கார்ந்தாள். 'என் நிலைமையையும் கொஞ்சம்' என்று தொடங்கினாள், அழித்தாள். 'அவனுக்குக் குழந்தைகள்' என்று தொடங்கினாள். த்தூ என்று தன்னையே காறித் துப்பிவிட்டு அதையும் அழித்தாள். இவனுக்கும் குழந்தைகள் இருக்குமோ என்னவோ. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை அவள் கேட்டதில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று எழுதி அனுப்பினாள்.