நான் தேய்த்து அழித்த பச்சை

இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒஸ்லோவின் பழைய நகரப் பகுதியில், கூரை இடிந்து பல காலம் பூட்டிக் கிடந்த இரண்டு மாடி வீடொன்றைப் பழையபடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் பெயின்டர். அதுவரை புதுக் கட்டடங்களில் மட்டுமே வேலை செய்தவன். அன்று நகரின் ஓரத்திலுள்ள ஸ்டோவ்னரிலிருந்து முதல் ரயிலில் வந்து, மற்றவர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டேன்.

முன்கூடத்தில் மழைக்குத் தப்பிய பழைய மரம் ஒரு கதவுநிலை மட்டும்தான். அதில் யாரோ சின்னச் சதுரங்களாகப் பெயின்டைச் சுரண்டியிருந்தார்கள்: வெள்ளை, மஞ்சள், பழுப்பு, பச்சை. அரைகுறை வேலை என்று நினைத்தேன். நிலை முழுவதையும் மெசினால் மரம் தெரியத் தேய்த்து, வெடிப்புகளைப் புட்டி வைத்து அடைத்து, முதல் பூச்சும் பூசினேன்.

எட்டு மணிக்கு, பழைய கட்டடங்களை ஆராயும் நோர்வேஜியப் பெண்மணி கமெராவோடு வந்தார். நிலையைப் பார்த்தார். கமெராவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அழகாகப் பூசியிருக்கிறீர்கள்" என்றார். "அந்தச் சதுரங்கள் என்னுடைய மூன்று நாள் வேலை."

ஒவ்வொரு சதுரமும் ஒரு காலத்துப் பூச்சு. அடியிலிருந்த பச்சைதான் வீடு கட்டியபோது பூசிய நிறம். ஆதாரம் காட்டாவிட்டால் கூடத்துக்கு அந்த நிறம் பூச அனுமதி கிடைக்காது. படமெடுக்கத்தான் அவர் அன்று வந்திருந்தார்.

கூட வேலை செய்யும் என் நண்பன் எட்டிப் பார்த்தான். "மச்சான், நீ நிலையைத் தேய்க்கேல்லை. அவவின்ர மூண்டு நாளையெல்லோ தேய்ச்சிருக்கிறாய்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் மின்சாரம் இல்லாத பழைய கறுப்புச் சுவிட்ச் ஒன்று இருந்தது. சோம்பலில், கழற்றப் பஞ்சிப்பட்டு, சுற்றிவர டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்த்திருந்தேன். எனக்கு முன் வந்த பெயின்டர்களும் அதைக் கழற்றியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

அதன் அடியில் பழைய பூச்சு இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அவரே திருகாணிகளைக் கழற்றினார். அடியில் ஒரு பழுப்பு வட்டம். கத்தி நுனியால் மெல்லச் சுரண்டினார். பச்சை!

"உன்ர பஞ்சி இண்டைக்குத்தானடா ஒரு ஆளுக்கு உதவினது" என்றான் நண்பன். அவன் என்ன சொன்னான் என்று அவர் கேட்டார். மொழிபெயர்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அனுமதி கிடைத்தது. அந்தப் பச்சையைக் கூடம் முழுவதும் நானே பூசினேன். என் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிவது இன்னொருவர் கவனமாகச் செய்து முடித்த வேலையாக இருக்கலாம் என்பதை, இன்றும் எதையாவது தேய்க்கத் தொடங்குமுன் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.