ஓடில்லாத பழம்

மலேசியாவில் காப்பார் பக்கத்து விதைத் தோட்டத்தில் புஷ்பவல்லிக்குப் ‘பனைத் தரகர்’ என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை. எண்ணெய்ப் பனையான செம்பனையில், பழப் பருப்பைச் சுற்றிக் கெட்டி ஓடு உள்ள மரம் தாய், ஓடே இல்லாத மரம் தகப்பன். இரண்டையும் சேர்த்து வைத்தால் பிறக்கிற மரமெல்லாம் மெல்லிய ஓடு, சதை கூடுதல், எண்ணெய் கூடுதல். பதினாறு வருஷமாக ஏணியேறி, தாய்ப்பூ விரியுமுன் பை கட்டி, தகப்பன் மரத்துப் பூந்தூளை உள்ளே ஊதிவிடுவதுதான் அவள் வேலை. பையில் ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் பூவையே வெட்டிப் போட்டுவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் மேலேயே புகார் வந்தது. பக்கத்து ஊரான மேருவில் நாலு வருஷத்துக்கு முன் கன்று நட்ட லோகன், காய்த்ததில் கால்வாசி கெட்டி ஓடு என்று கொதித்துப்போய் வந்தார். கன்றோடு வந்த அட்டையில், பை கட்டியவள் என்று அவள் எண். எவளோ பையை ஒழுங்காகக் கட்டாததால் வேறு தூள் புகுந்துவிட்டதாம். உண்மையென்றால் அவளைப் பூ வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் மேலாளர் கமலநாதன்.

அவளுக்குச் சுருக்கென்றது. மரத்தைப் பார்க்காமல் எதற்கும் தலையாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கத்தியோடு லோகனும் மேலாளரும் கிளம்பிய காரிலேயே ஏறிக்கொண்டாள்.

மேருவில் வெட்டிப் பார்த்த முதல் பழங்கள் கெட்டி ஓடுதான். ஆனாலும் விடவில்லை, வரிசை வரிசையாக நடந்தாள். அங்கங்கே சில மரங்களில் பூ ஏராளம், குலையோ பிஞ்சிலேயே அழுகிக் கிடந்தது. அப்படி ஒரு மரத்தில் தப்பிப் பிழைத்த பழம் ஒன்றைப் பறித்து வெட்டினாள். கத்தி எதிலும் முட்டாமல் பருப்புவரை இறங்கியது.

“இங்க பாருங்க பாஸ். நான் பைய கோட்ட விட்டிருந்தா கெட்டி ஓடு வரும்லா. ஓடில்லாதது வரவே வராது. எங்க தாய் மரத்துல எந்தத் தூள் பட்டாலும் புள்ளைக்கு ஓடு இருக்கும்.”

மெல்லிய ஓட்டு மரத்தடியில் பழம் விழுந்து தானாக முளைத்த கன்றுகள் இவை என்று விளக்கினாள். அவற்றில்தான் கால்வாசி பாட்டி மாதிரி கெட்டி ஓடாக, கால்வாசி தாத்தா மாதிரி ஓடில்லாமல் குலை அழுகுவதாக, பாதி மட்டும் உருப்படியாக வரும். எவனோ பிடுங்கிப் பையிலிட்டு, அவள் எண்ணையும் ஒட்டி விற்றிருக்கிறான். கமலநாதன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பூ வேலை இனியும் அவளுடையதுதான் என்றார்.

லோகன் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். நர்சரியில் வாங்கவில்லை, விலை குறைவென்று லோரியில் வந்தவனிடம் வாங்கினாராம்.

நன்றாகத் திட்டத்தான் நினைத்தாள் புஷ்பவல்லி. நாலு வருஷ உழைப்பு அழுகிக் கிடப்பதைப் பார்க்கையில் அவளுக்கு மனசு வரவில்லை.

“பாதி நல்ல மரம் பாஸ். வெட்ட வேண்டியத நான் காட்டுறேன், குறி போடப் பெயிண்ட் கொண்டாங்க.”

“கொண்டுவரேன்க்கா,” என்றார் லோகன்.