டெங் சொன்ன பெயர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிறவன் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் வேறு, அம்மா கனவுக்குப் பலன் சொன்னால்கூடச் சண்டை பிடிப்பேன். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன்.

பிக்கரிங் வெயர்ஹவுசில் என்னோடு பெட்டி கட்டியவன் டெங். தென் சூடான்காரன், டிங்கா இனம். எங்கள் ஆட்களோடு பழகி என்னை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவான். அவர்களில் பையன் ஆளாகும்போது தகப்பன் ஒரு காளை கொடுப்பாராம், பிறகு அந்தக் காளையின் பெயரும் அவனுக்கு ஒரு பெயராகிவிடுமாம். டெங்குக்கு அந்த வயது வருமுன்பே சண்டை வந்து அகதி முகாமுக்கு ஓடிவிட்டார்கள். அதனால் தன் மனதுக்குள்ளேயே ஒரு காளை வளர்த்திருந்தான், கறுப்பும் வெள்ளையுமாக. ஒருநாள் சாப்பாட்டு நேரம் அதன் பெயரை எனக்குச் சொன்னான். எங்கள் ஆட்களிடம் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள் என்றான்.

போன மாசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். முப்பத்தொரு வயது.

ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் பகலில் சடங்கு. வெளி ஆட்கள் என்று நானும், கூட வேலை செய்யும் சுதன் அண்ணையும்தான். பெண்கள் மேளத்துக்குப் பாடினார்கள், அழுகை எது பாட்டு எது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு டெங்கின் சித்தப்பா எழுந்து தங்கள் மொழியிலும், எங்களுக்காக ஆங்கிலத்திலும் கேட்டார்: இவனைக் காளைப் பெயர் சொல்லிப் பாடி அனுப்ப வேண்டும், யாருக்காவது தெரியுமா?

நான் பாதி எழும்பிவிட்டேன். அண்ணை கையைப் பிடித்தார்.

"இரடா தம்பி. செத்தவீட்டில பிறத்தி ஆக்கள் வாய் திறக்கிறேல்லை."

எங்கள் செத்தவீடு என்றால் அவர் சொன்னது சரிதான். இருந்துவிட்டேன். அவர்கள் டெங்கின் தகப்பனுடைய காளைப் பெயரைச் சொல்லிப் பாடிப் பெட்டியை மூடினார்கள்.

வெளியே புதுப் பனி கொட்டியிருந்தது. என் காரைச் சுற்றிக் குளம்புத் தடங்கள், நடுவில் பிளந்த குளம்பு, என் உள்ளங்கை அகலம். சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

"ரூஜ் காட்டுப் பக்கத்து மானாயிருக்கும்," என்றார் அண்ணை. அவர் குரலே இறங்கியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னேன். பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. திரும்பினால் யாருமில்லை, அண்ணை காருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

இரண்டு கிழமை கழித்து டெங்கின் சித்தப்பா போன் எடுத்தார். பேறுக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததால் சடங்குக்கு வராத டெங்கின் தங்கைக்கு மகன் பிறந்திருக்கிறான், மாமனின் காளைப் பெயரை அவனுக்கு வைக்க ஆசைப்படுகிறாள். "எனக்கு ஒன்றென்றால் மச்சானைக் கேள்" என்று டெங் அவளிடம் சொல்லி வைத்திருந்தானாம்.

சொல்ல வாயெடுத்தேன். பெயர் இல்லை.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே அவன் அதைச் சொன்ன முகம் இன்றைக்கும் தெரிகிறது. உதடு அசைவதுகூடத் தெரிகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை.