ஒளிராத நான்காவது புரோப்

முதலில் வந்தது இருமல் இல்லை, வேர்வை. ஈப்போவை ஒட்டிய லகாட்டில், அக்கா வீட்டு மாடி அறையில், விசிறி முழு வேகத்தில் சுற்றும்போதும் தலையணை நனைந்தது. சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நாள் முழுக்க நிற்கும் அலுப்பு என்று நினைத்தேன். ஒன்பது கிலோ இறங்கிய பிறகுதான் ஈப்போவில் சளியைச் சோதனைக்குக் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் காரணம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள், போய்க் கொடுங்கள்.

காசநோய். டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டி, புரோப் (கிருமியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வரிசையைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சிறு துண்டு) பற்றி விளக்கினார்.

"மொத்தம் அஞ்சும்மா. கிருமி சாதாரணமா இருந்தா அஞ்சும் எரியும். உங்களுக்கு நாலாவது எரியல. அந்த இடத்துல கிருமி மாறிடுச்சு. வழக்கமா கொடுக்குற ரிஃபாம்பிசின் இதைக் கொல்லாது."

"நான் இதுக்கு முன்ன ஒரு மாத்திரைகூட சாப்பிட்டதில்லையே, டாக்டர்."

"அப்ப மாறின கிருமியே உங்களுக்கு வந்திருக்கும். மருந்தைப் பாதியில விட்டவங்க யாராச்சும் வீட்ல இருக்காங்களா?"

இருந்தார். அக்காவின் கணவர், சாமுவேல் அத்தான். மூன்று வருடத்துக்கு முன், செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் சபையில், சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்தார். காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதமே குப்பையில் போட்டதாகவும் ஜெபத்திலேயே சுகமானதாகவும் சொன்னார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நானும் கை தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். அக்காவுக்கு இல்லை. அத்தானுக்கு இருந்தது. அவருடைய தாளிலும் அதே நான்காவதுதான் எரியவில்லை. இதை மட்டும் வைத்து அவரிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தத் தாளே போதும்.

காரில் ஏறும்போது அத்தான் மெல்லச் சொன்னார்: "நமக்குள்ளயே இருக்கட்டும்லா எஸ்தர். சபையில தெரிஞ்சா அசிங்கம்."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவரை அந்தச் சபையிலேயே தலைகுனிய வைப்பது என்று அப்போதே முடிவு செய்தேன்.

வழி கிளினிக்கிலேயே கிடைத்தது. ரிஃபாம்பிசினுக்குப் பதிலாகத் தந்த ஆறு மாத மருந்தை ஒருவர் பார்க்கத்தான் விழுங்க வேண்டும். வார நாளில் தாதி பார்ப்பார். சனி, ஞாயிறு வீட்டு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னை அக்கா பார்ப்பதாக ஏற்பாடு. "அத்தானை நான் பாக்குறேன் மிஸ்ஸி" என்று தாதியிடம் முந்திக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் இருவர் சளியும் சுத்தமானது. இனி யாருக்கும் பரவாது என்றார்கள். அந்த ஞாயிறு அவருடைய மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சபைக்குப் புறப்பட்டேன்.

"ரெண்டே வழி அத்தான். மைக்குல உண்மையச் சொல்லுங்க. இல்லாட்டி எல்லார் முன்னாலயும் முழுங்குங்க."

"வீட்லயே சாப்பிடுறேனே, தயவுசெஞ்சு."

"போலாம், நேரமாச்சு."

அவர் விழுங்கினார். முதல் வரிசையில், சாட்சி நேரத்துக்கு முன், ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க." பாடகர் குழு பார்த்தது. போதகர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அது இனித்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பதினாறு ஞாயிறு, ஒன்றைக்கூட விடவில்லை.

மருந்து முடியும் கடைசி ஞாயிறு, பின்வரிசையில் உட்காரும் மேரி அக்கா என்னிடம் வந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு இவரு சாட்சியக் கேட்டுட்டு நானும் மாத்திரைய நிப்பாட்டிட்டேன் எஸ்தர். இப்ப திரும்ப இருமுது. எந்தக் கிளினிக்?"

"சத்தமா சொல்லுங்கக்கா."

அவர் சொன்னார். அத்தான் தலை தொங்கியது. நான் காத்திருந்தது அதற்குத்தான், ஆனால் மேரி அக்காவின் கழுத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை.

என் நுரையீரல் இப்போது சுத்தம். கால் விரல்கள் மட்டும் மரத்துப்போய்விட்டன. மாத்திரைகளில் ஒன்று நரம்பைக் கெடுத்தது. செருப்பு கழன்றாலும் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. மூச்சை இழுக்கும்போது, இது என்னுடையதுதானா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானும் நானும் மேரி அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அவருக்கும் அதே நான்காவது எரியவில்லை. அவர் தனியாக இருப்பவர். சனி, ஞாயிறு யார் பார்ப்பார்கள் என்று தாதி கேட்டபோது அவரே சொன்னார்: "எஸ்தரோட அத்தானே வரட்டும்லா."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் படிவத்தில் அவர் பெயரை எழுதினேன். ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று விழுங்கியவருக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது இன்னும் நீளட்டும்.