பாதுகாப்பு அறைக்குள் ஒரு ஓவியம்

உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வருடத்துக்கு ஒருமுறை வங்கிக்குப் போகிறேன். ஓய்வூதியக்காரனின் சொல்லை யாரும் நம்புவதில்லை, கட்டைவிரலைத்தான் நம்புகிறார்கள். இந்த முறை உள்ளே யாரோ ஒரு பொட்டலத்துக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வைத்த விரலை எடுக்காமலே பழைய அருப்புக்கோட்டைக் கிளைக்குப் போய்விட்டேன்.

எங்கள் வங்கி அப்போது ஊர் ஊராகக் கலை மையமும் ஓவியக் கூடமும் நடத்திவந்தது. பெருநகரங்களில் பளிங்குத் தரையோடு. எங்களுக்குக் கிளையின் மாடியில் ஒரு அறை, ஒரு மின்விசிறி. வெளியூர் ஓவியர் ஒருவர் பரளச்சிப் பக்கம் சில நாள் சுற்றிவிட்டு, கொத்தமல்லிச் செடிக் கட்டு சுமந்துபோகும் பெண்ணை வரைந்தார். தலைமை அலுவலகம் படத்தைக் காப்பீடு செய்து எங்களுக்கு அனுப்பியது. அவ்வளவு மதிப்புள்ள பொருள் இரட்டைச் சாவிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மேலாளரிடம் ஒரு சாவி, கணக்கராகிய என்னிடம் ஒன்று. ஆகவே அரக்கு முத்திரை வைத்து, பாதுகாப்பு அறையில் அடகு நகைகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தோம். மாடிச் சுவரில் ஒரு அட்டை தொங்கவிட்டேன்: ‘ஓவியம் பத்திரமாக உள்ளது.’ கலைக்கு நான் செய்த தொண்டு அது.

ஒருநாள் பரளச்சியிலிருந்து பேச்சியம்மாவும் முத்துலட்சுமியும் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். இருவரும் இன்னும் பார்க்காத அந்தப் படத்தில் இருப்பது யார் என்ற வழக்கில் அவர்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது.

“சாரு, அந்தப் படத்த எடுங்க. அதுல இருக்கது நாந்தான்னு இவகிட்டச் சொல்லுங்க” என்றார் மூத்தவர் பேச்சியம்மா.

“மூஞ்சியப் பாத்தாத் தெரியப்போகுது” என்று முத்துலட்சுமி சுவரிடம் சொன்னார்.

மேலாளர் விருதுநகரில் கூட்டத்தில் இருந்தார். ஒற்றைச் சாவிக்குத் திறக்காது என்று விளக்கினேன்.

“எங்க கம்மல உள்ள வைக்கையில மட்டும் நல்லாத் தெறந்துச்சு” என்றார் பேச்சியம்மா.

ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு திசை பார்த்துக் காத்திருந்தார்கள். சாயங்காலம் மேலாளர் வந்ததும் முத்திரையை உடைத்துப் படத்தைத் திருப்பினோம். முகமே இல்லை. முதுகு, தலைக்கு மேல் கட்டு, நீலக் கட்டம் போட்ட சேலை. அவ்வளவுதான்.

“சேல என்னுது” என்றார் பேச்சியம்மா.

“கட்டியிருந்தது நானு. மல்லி புடுங்கையில ஒங்கிட்ட வாங்குனேன்ல?”

“வாங்குன. திருப்பிக் குடுத்தியா?”

முத்துலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சியம்மா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பாதுகாப்பு அறைக்குள் சிரிக்கலாமா என்று கேட்பதுபோல் மேலாளர் என்னைப் பார்த்தார். அதற்கு விதி இல்லை. வழக்கு தீரவில்லை, பேச்சு மட்டும் தொடங்கிவிட்டது.

பிறகு எங்கள் வங்கி இன்னொரு வங்கிக்குள் கரைந்தது. கலை மையங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். அந்த மாடி அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள். படம் எங்கே போனதென்று முறைப்படி எழுதிக் கேட்டேன். பதில் சொல்ல வேண்டிய பிரிவே இல்லை.

போன மாதம் பாலவனத்தம் போகும் பஸ்ஸில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். பேச்சியம்மா தவறிவிட்டாராம்.

“சாரு, அந்தப் படத்துல இருந்தது எங்க அக்காதான். அவுகளுக்குத்தான் அந்த நட” என்றார். “ஒரு தடவ பாக்கணும். எந்த பேங்குல போயிக் கேக்கணும்?”

சொல்வதற்காக ஜன்னல் வழியே பார்த்தேன். அருப்புக்கோட்டைத் தெரு முழுக்க வங்கிகள். எங்கள் பெயர்ப் பலகைதான் இல்லை.