டமாரத்தின் இருமல்

உள்ளறையில் எலும்பு முறிந்த சத்தம் அடுக்களை வரை கேட்டது. அதற்குப் பிறகுதான் தம்பியின் அலறல் வந்தது.

கத்திரி அக்கா கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். தெரிந்தவராயிற்றே என்று கதவைத் திறந்துவிட்டு, வந்தவருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அந்த நேரத்துக்குள் கறிக்கடைக்காரர் தம்பியைத் தரையில் சாய்த்து, மார்பில் முழங்காலை ஊன்றியிருந்தார். கையில் இரும்புக் கம்பி. தம்பியின் வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. வாயிலிருந்து ரத்தத்தோடு பல் விழுந்தது.

"விடுங்கண்ணே! செத்துடுவான்!"

"சாகட்டும். எம் மகனைச் சந்தையிலேர்ந்து சாக்குல அள்ளிக் குடுத்தாங்களே தங்கச்சி, அன்னைக்கு யாரு தடுத்தா?"

ஜன்னலில் ஒரு கல் வந்து மோதியது. தெருவில் ஒரு கூட்டமே காத்திருந்தது.

சந்தையில் குண்டு வெடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்றுத்தான், மலையில் ஒளிந்து குண்டு வைக்கும் மலைப்படையின் தலைவனுடைய பேச்சு என்று தொலைக்காட்சியில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. சந்தைக்கு விளக்குப் போடுகிறவன்தான் தங்களுக்கு வழி காட்டினான் என்று அதில் சொன்னானாம். சந்தைக்கு விளக்குப் போடுகிறவன் அவள் தம்பி ஒருவன்தான். உடனே அவன் கடை எரிந்தது. அவனைக் காப்பாற்ற ஓடிய ஓட்டத்தில் அந்தப் பதிவை அவள் கேட்கவே இல்லை.

அதே தொலைக்காட்சியில் ஒலியை வெட்டி ஒட்டுவதுதான் அவள் வேலை. அதனால்தான் கத்திரி அக்கா. கணவனும் அங்கேதான் இருந்தான். இடி, மழை, குதிரைக் குளம்பு என்று எந்தச் சத்தத்தையும் செய்துகாட்டுவான். எல்லோருக்கும் அவன் டமாரம். மலைப்படை வைத்த பேருந்துக் குண்டு அவனை விழுங்கியது. அவளிடம் ஒற்றைச் செருப்பைத்தான் கொடுத்தார்கள்.

"எம் புருஷனைத் தின்னவங்களுக்கு எந்தம்பி வழி காட்டுவானா? அந்தப் பேச்சை யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"நம்பகமான வட்டாரம்னு டிவியில சொன்னான்ல! நீயே கேளு!" கறிக்கடைக்காரர் கைபேசியை அழுத்தினார்.

கரகரத்த குரல் தம்பியைக் காட்டிக்கொடுத்தது. பிறகு, "இதோ கேளுங்கள், எங்கள் துப்பாக்கிகளை!" என்று முழங்கி நிறுத்தியது. படபடவென்று வெடிச்சத்தம். கடைசியில், யாரும் கவனிக்காத இடத்தில், இரண்டு குட்டி இருமல், ஒரு நீள இருமல்.

செத்துப்போனவன் இருமினான்!

"அந்தக் கடைசியை இன்னொரு தடவை போடுங்கண்ணே. இருமுறது யாருன்னு தெரியலையா?"

அவர் கைபேசியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். கம்பி பிடித்த கை தளர்ந்தது.

"டமாரம்! ஞாயித்துக்கிழமையானா ஈரல் வாங்க வருவானே... கோழிக்குத் தொண்டை கட்டின மாதிரின்னு நான்கூடக் கேலி பண்ணுவேன்."

அவள் அடுக்களைக்கு ஓடி, நசுங்கிய தகரத் தட்டையும் இரண்டு கரண்டிகளையும் கொண்டுவந்தாள். வெறி பிடித்தவள்போல் தட்டினாள். அதே படபட. தெருவில் யாரோ "சுடுறாங்கடா!" என்று கத்த, ஓடும் காலடிகள் கேட்டன.

"தலைவன் முன்னாடி அனுப்பின பேச்சு எதுலயும் துப்பாக்கியே இருக்காதுண்ணே. மூடின ரூமு, வெறும் பேச்சு. உப்புச்சப்பு இல்லைன்னு எங்க ஆபீஸ் பெரியவர் மூஞ்சியைச் சுளிப்பாரு. அதுக்காக எம் புருஷன் இங்க உக்காந்து தட்டினது இது. கடைசில இருமிட்டாரு. டிவியில போடுறப்போ எல்லாம் நான்தான் இருமலை வெட்டுவேன். வெட்டாதது எங்க ஆபீஸ்ல ஒலிநாடா வைக்கிற பெட்டியில மட்டும்தான் இருக்கு. அழிக்க மனசு வரல."

"ஆபீசுல சேர்த்திருப்பாங்க."

"பேசுறவனே 'கேளுங்க'ன்னு நிறுத்துறானே! மலையில இருக்கிறவனுக்கு எங்கூட்டுத் தட்டு எப்படிக் கிடைச்சுது? பேச்சையே எங்க ஆபீசுலதான் செஞ்சிருக்காங்க. நம்பகமான வட்டாரமாம்! என் அடுக்களைதான் அந்த வட்டாரம்!"

கறிக்கடைக்காரர் தம்பியின் கையைப் பார்த்தார். தான் ஒடித்த கை.

"அப்போ எம் புள்ளையைக் கொன்னது யாரு?"

"தெரியாதுண்ணே. தெரியாதுன்னு சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல."

பெரிய உடம்பு குலுங்க அவர் அழுதார். பிறகு ரத்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கம்பியை மட்டும் கீழே வைக்கவில்லை.

"உங்க ஆபீசுல அந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

அவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு அடிங்கண்ணே. அடிச்சுட்டுக் கேக்காதீங்க."

அவர் கதவைத் திறந்தார். வாசலில் நின்று, மிச்சமிருந்த கூட்டத்தைப் பார்த்து, "இந்த வீட்டுப் பக்கம் எவனாவது வந்தீங்க..." என்று உறுமினார். பிறகு, தனக்குப் பின்னால் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டு போனார்.