மல்லிகா வச்ச அரைப் பேர் அலாரம்

சேர்வருக்குக் காவல் இருக்கிற வேலை இருக்கே, ஒழுங்கா செஞ்சா நீங்க ஒருத்தர் இருக்கிறதே யாருக்கும் தெரியாது, ஒரு நாள் கோட்டை விட்டா ஊருக்கே தெரிஞ்சு போகும். இந்த வேலையில மாட்டிக்கிட்டு முழிக்கிற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களே, நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்க. இலங்கையில யுத்தம் முடிஞ்ச வருஷம் அது. மலைநாட்டுல, அட்டன் டவுன்ல ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில எங்க கந்தோர், அதான் ஆபீஸ். மொத்தமே மூணு பேருதான்: யாழ்ப்பாணத்துல இருந்து வந்த முதலாளி குலசிங்கம் சேர், உடப்புசல்லாவைக்காரனான நான், புதுசா சேர்ந்த பூண்டுலோயா தோட்டத்துப் புள்ள மல்லிகா.

மேகம் வந்த ஜன்னல்

நுவரெலியாவுல விடுதி அறை பதிவு செய்யிற ஒரு இணையத்தளத்தை நாங்க பார்த்துக்கிட்டோம். அது ஓடுற கம்ப்யூட்டர், அதான் சேர்வர், எங்க கிட்ட இல்ல, எங்கேயோ வெளிநாட்டுல இருந்துச்சு. தேவைப்பட்டா பெருசாக்கலாம், வேணாம்னா சிறுசாக்கலாம். இதுக்குப் பேரு கிளவுட், அதாவது மேகம்.

மல்லிகா வேலைக்கு வந்த முதல் கிழமை, அவ அப்பா மகளைப் பார்த்துட்டுப் போக வந்தாரு. தோட்டத்துல கங்காணி. கொழுந்து பறிக்கிற ஆளுங்களை மேய்க்கிற மனுசன், நம்ம கிட்ட ஏமாறுவாரா? மேகத்துல இருக்கிற கம்ப்யூட்டரை உங்க மக பார்த்துக்கிறான்னு நான் பெருமையா விளக்கிக்கிட்டு இருந்தேன். வெளியில மழை இருட்டு. மனுசன் ஜன்னலை லேசாத் திறந்தாரு. மேகம் சுருட்டிக்கிட்டு உள்ள வந்து என் மேசை மேல இருந்த காகிதத்தை எல்லாம் ஈரமாக்கிருச்சு. நிதானமா சாத்திட்டுச் சொன்னாரு: "இங்கேயே இம்புட்டு கெடக்கு, இதை எதுக்குங்க தம்பி வெளிநாட்டுல போய்த் தேடுறீங்க?"

கடைசித் தவணை

தளத்தோட சொந்தக்காரர் பெரேரா மாத்தயா, நம்ம பாஷையில பெரேரா ஐயா, கொழும்புல இருந்தாரு. நல்ல மனுசன், ஆனா வாயைத் திறந்தா தீப்பொறி. ரெண்டு தரம் தளம் விழுந்துச்சு. ரெண்டு தரமும் அவரு போன் எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வெட்கக்கேடு! மூணாவது தரமும் அப்படி நடந்தா வேலையைக் கொழும்புக்காரங்களுக்குக் குடுத்துருவேன்னு சிங்களத்துலயே தீர்த்துச் சொல்லிட்டாரு.

எங்களுக்கு இருந்த பெரிய வேலையே அது ஒண்ணுதான். போனா கந்தோரை மூடணும். நானாவது எங்கேயாவது ஒட்டிக்குவேன். மல்லிகாவுக்கு வேலை நிரந்தரமாகவே இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. இது சரிப்படாட்டி கொழும்புல ஒரு புடவைக் கடையில நிக்கணும்னு அவ அப்பா ஏற்கனவே ஆள் பிடிச்சு வச்சிருந்தாரு. அதைச் சொல்லும்போது அந்தப் புள்ள முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கல. குலசிங்கம் சேர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "டிசம்பர் முழுக்க சனம் நுவரெலியாவுக்குத்தான் வரும் தம்பி. அவர் சொல்ல முந்தி எங்களுக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்."

அரைப் பேர்

அதுக்குத்தான் அலாரம். சேர்வர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு அளவு இருக்கும். நூத்துக்கு எண்பதைத் தாண்டினா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், உடனே போனுக்குச் செய்தி வரணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வரட்டும், மாத்தயாவுக்கும் போகட்டும்னு ஏற்பாடு பண்ணினது என்னோட அதிபுத்திசாலித்தனம். எண்பதைப் போடுற வேலையை மல்லிகா கிட்ட குடுத்துட்டு நான் பிளேன்டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வர்றதுக்குள்ள என் போன் கதறுது. எல்லாம் ஒரே செய்தி: ஆபத்து, ஆபத்து, ஆபத்து. ஓடி வந்து பார்த்தா சேர்வர் ஹாயாத் தூங்குது, பத்து கூட இல்ல. இந்தப் புள்ள எண்பதுக்கு மேலே போனான்னு போடாம, எண்பதுக்குக் கீழே போனான்னு போட்டு வச்சிருக்கு! அதுக்குள்ள மாத்தயா கூப்பிட்டுத் திட்டி, அவரோட நம்பரை எடுக்கச் சொல்லிட்டாரு. நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

அவ அழல. தோட்டத்துல இத்தனை கிலோ கொழுந்துன்னு ஒரு கணக்கு உண்டு. அது நிறைஞ்சாத்தான் அன்னைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம் விழும், குறைஞ்சா அரைப் பேர்தான். அவ பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம் அது. என்னை நேரா பார்த்துச் சொன்னா: "கூடப் பறிச்சா யாருண்ணே சத்தம் போடுவாங்க? குறைஞ்சாத்தானே கங்காணி கத்துவாரு!"

நான் சிரிச்ச அலாரம்

அலாரத்தைச் சரியாக்கினேன். அவ விடல. பகல்ல ஒரு மணி நேரத்துக்கு நாப்பது பேருக்குக் குறைவா தளத்துக்கு வந்தா அதுக்கும் ஒரு அலாரம் வேணும்னு நின்னா. ஆள் குறைஞ்சா சேர்வருக்கு நிம்மதிதானே புள்ள, அதுக்கு எதுக்கு அலாரம்னு நான் கேலி பண்ணினேன். வச்சுத்தான் தொலையேன்னு விட்டேன். அதுக்கு அவ வச்ச பேரு அரைப் பேர். குலசிங்கம் சேர் மட்டும் சிரிக்கல: "இருக்கட்டும் தம்பி, உது சோறு தண்ணி கேக்காதுதானே."

எல்லாம் நல்லா இருந்த காலை

டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை. யாரோ களவா சேர்வருக்குள்ள நுழையப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. காலையில எட்டு மணிக்கு சேர்வரோட வாசலை இறுக்கிச் சாத்தி, எங்க கந்தோருக்கு மட்டும் வழி விட்டு எல்லாத்தையும் சரிபார்த்தேன். பிறகு பார்த்தா ஒரு குறையும் இல்ல. சேர்வர் பச்சைப்புள்ள மாதிரி கிடக்கு, என் அலாரம் ஒண்ணும் முனகல. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு அரைப் பேர் அடிச்சுது. இதுக்கு வேற வேலை இல்லன்னு செய்தியை அழிச்சுட்டேன். மல்லிகா அழிக்கல. "டிசம்பர்ல ஒரு ஆள் கூட அறை தேடலையாண்ணே?"ன்னு கேட்டுட்டு, குடையைக் கூட எடுக்காம எதிர்ப்பக்கத்து நெட் கபேக்கு ஓடினா. நனைஞ்சு திரும்பி வந்தா. எங்க கந்தோர்ல தவிர வேற எங்கேயும் தளம் திறக்கல. ஐயோ! சாத்தின வாசலைத் திறக்க மறந்தவன் நான்தான். யாரும் உள்ள வர முடியாததால சேர்வர் சும்மா கிடந்திருக்கு, அதைப் பார்த்து நான் பூரிச்சிருக்கேன்.

வாசலைத் திறந்துட்டு, நானே மாத்தயாவைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் தளம் சாத்திக் கிடந்துச்சு, தப்பு என்னோடது, அரைப் பேர்தான் சொல்லிச்சுன்னு உளறினேன். அவருக்கு அதுவரைக்கும் ஒண்ணுமே தெரியாது. மூணு பேரும் போனையே பார்த்துக்கிட்டு நின்னோம். பிறகு, அரைப் பேரை யாரோ ஒரு ஆளுன்னு நினைச்சுக்கிட்டு, சிங்களத்துல மெதுவாச் சொன்னாரு: "இந்தத் தடவை நீங்க முந்திட்டீங்க. வேலை அங்கேயே இருக்கட்டும், ஆனா அந்த அரைப்பேர் மாத்தயாவை மட்டும் எங்கேயும் போக விட்டுறாதீங்க."

அடுத்த திங்கட்கிழமையே அரைப்பேர் மாத்தயாவான மல்லிகாவுக்கு வேலை நிரந்தரமாச்சு, கூடினா மட்டும் பயப்படத் தெரிஞ்ச எனக்கும் அந்தப் புள்ள புண்ணியத்துல அந்த மாசம் முழுப் பேர் விழுந்துச்சு.